டிவி வாங்கும் முன் டிவிக்குப் பின்னால் பாருங்கள்

போன பொங்கலுக்கு மன்னார்குடியில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் புது டிவி. 55 இஞ்ச், 4கே, தீபாவளி ஆஃபரில் இஎம்ஐ போட்டு வாங்கியது. ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை. ஏதோ ஒரு சேனலில் பழைய காமெடி ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்த எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்கள், ஒல்லியான நடிகர்கூட மூன்று வேளையும் விருந்து சாப்பிட்டவர் மாதிரி இருந்தார். முகமெல்லாம் தண்ணீரில் கரைந்த வாட்டர் கலர். சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டே, "பழைய டிவியே இதைவிடத் தெளிவா இருந்துச்சுப்பா" என்றார். சித்தப்பா அவரை ஒரு முறை முறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு தம்பி, 4கேன்னுதானே போட்டிருக்கான்?"

டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கேபிள்காரர் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன எஸ்டி, அதாவது பழைய சாதாரணத் தர, செட்டாப் பாக்ஸ். அதிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் டிவிக்குள் போகிறது. பாக்ஸ் செட்டிங்கில் படத்தின் வடிவம் 4:3, அதாவது பழைய சதுர டிவியின் கணக்கு. அதை அகலத் திரை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததால்தான் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிட்டார்கள்.

சித்தி சொன்னதில் தப்பே இல்லை. பழைய டிவிதான் தெளிவாக இருந்திருக்கும். அது ஏன் என்று புரிந்துகொண்டால் டிவி வாங்குவதில் பாதி வேலை முடிந்துவிடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எஸ்டி சேனலின் படம் என்பது கிடைமட்டமாக 720, மேலிருந்து கீழாக 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. 4கே டிவியின் திரையில் இருப்பது 3840 பெருக்கல் 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள், கச்சிதமாக 20 வரும். திரையில் இருக்கிற ஒவ்வொரு 20 புள்ளிக்கும் ஒரு புள்ளிக்கான தகவல்தான் ஒயர் வழியாக வருகிறது. மீதி 19-ஐ டிவிக்குள் இருக்கும் சிப் தானாக ஊகித்து நிரப்புகிறது. நல்ல சிப் என்றால் கொஞ்சம் கௌரவமாக ஊகிக்கும், மலிவான சிப் பூசி மெழுகிவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

பழைய 21 இஞ்ச் குண்டு டிவிக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்தச் சிக்னலும் அந்தத் திரையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. சாதாரணக் கண்பார்வை உள்ளவர் ஆறேகால் அடி தள்ளி உட்கார்ந்தால் அந்த 576 வரிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவே முடியாது, படம் கூர்மையாகத்தான் தெரியும். அதே சிக்னலை 55 இஞ்ச்சில் விரித்துவிட்டு அதே கூர்மை வேண்டும் என்றால் குறைந்தது 13 அடி தள்ளிப் போக வேண்டும். சித்தப்பா வீட்டில் அது திண்ணை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. தமிழ்நாட்டில் டிவி வந்துசேர்ந்த விதமே அப்படி. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. 2017-இல் அரசு கேபிள் இலவசமாக செட்டாப் பாக்ஸ் கொடுத்தபோது வீடு வீடாகப் போனது பெரும்பாலும் எஸ்டி பாக்ஸ்தான். டிவியை மாற்றிவிடுகிறோம், இஎம்ஐ கிடைக்கிறது, கடைக்காரரே வீட்டில் கொண்டுவந்து மாட்டித் தருகிறார். பாக்ஸை மட்டும் யாரும் மாற்றுவதில்லை, ஏனென்றால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கதை.

அதனால் கடைக்குப் போகும் முன் முதல் கேள்வி எத்தனை இஞ்ச் என்பது இல்லை. உங்கள் வீட்டில் டிவிக்குள் என்ன போகிறது? அதைப் பாருங்கள்.

கேபிளோ டிடிஎச்சோ, எஸ்டி பாக்ஸ் என்றால் எச்டி பாக்ஸாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுகிற செலவு டிவி விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எச்டி சேனலின் படம் 1920 பெருக்கல் 1080, அதாவது எஸ்டியைப் போல ஐந்து மடங்கு புள்ளிகள். 4கே டிவி இதை நான்கு மடங்காகப் பெருக்கினால் போதும். 20 மடங்கு ஊகிப்பதற்கும் நான்கு மடங்கு ஊகிப்பதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணாடி போடாமலே தெரியும்.

பாக்ஸை மாற்றிய பிறகும் மூன்று இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ஒன்று ஒயர். மஞ்சள் ஒயரில் எச்டி படம் போகவே போகாது. எச்டி பாக்ஸ், எச்டி பேக், மாதாமாதம் அதற்குத் தனியாகப் பணம், எல்லாம் இருந்தும் இடையில் அந்த மஞ்சள் ஒயர் இருந்தால் டிவிக்குப் போய்ச் சேர்வது எஸ்டிதான். எச்டிஎம்ஐ ஒயர் போட வேண்டும், அது ஒரு நூறு இருநூறு ரூபாய் சமாச்சாரம், தங்க முலாம் பூசியது என்று ஆயிரம் இரண்டாயிரத்துக்கு விற்பதை வாங்காதீர்கள். இரண்டாவது, எச்டி சேனலுக்கு நம்பர் வேறு. நம் வீட்டில் அம்மா பத்து வருடமாக ஒரே நம்பரைத்தான் அமுக்குகிறார், விரலுக்கே அது மனப்பாடம், அந்த நம்பரில் இருப்பது அதே சேனலின் எஸ்டி வடிவம். பிடித்த எச்டி சேனல்களை ஃபேவரிட்டில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, பாக்ஸின் செட்டிங்கில் படத்தின் வடிவம் 16:9, அவுட்புட் 1080 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிவி செட்டிங்கிலும் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஒன்று இருக்கும். அதைப் போடாவிட்டால் சில டிவிகள் படத்தின் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கிரிக்கெட் ஸ்கோர் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் காரணம் இதுதான்.

கேபிளே வேண்டாம், எல்லாம் ஓடிடி என்கிற வீடு என்றால் கதை வேறு. இங்கே 4கே உண்மையாகவே வருகிறது. ஆனால் சும்மா வராது. நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது, மணிக்கு 7 ஜிபி வரை தின்னும், அதற்கு 649 ரூபாய் பிளான் வேண்டும். 199 ரூபாய் பிளானில் 720 வரிகள்தான். ஃபைபர் இணைப்பு இல்லாமல் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்க்கிற வீட்டில் 4கே என்பது பெட்டியின் மேல் இருக்கிற ஸ்டிக்கரோடு சரி.

அப்புறம் அளவு. இஞ்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு, அகலம் இல்லை. இது தெரியாமல் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தொண்ணூறுகளில் கட்டிய வீடுகளில் ஹால் சுவரில் சிமெண்ட் ஷோகேஸ் கட்டி நடுவில் டிவிக்கு ஒரு மாடம் விட்டிருப்பார்கள், சுற்றிலும் பொம்மையும் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கப்பும் இருக்கும். அந்த மாடம் பெரும்பாலும் மூன்று அடி அகலம். 43 இஞ்ச் டிவியின் திரை மட்டுமே 37.5 இஞ்ச் அகலம், சட்டத்தோடு சேர்த்தால் 38 வரும், உள்ளே போகாது. 40 இஞ்ச் என்றால் 35 சொச்சம், நுழைந்துவிடும். டேப் எடுத்து அளந்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் டெலிவரி பையன் வாசலில் நிற்கும்போது ஷோகேஸை இடிக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடும்.

இன்னொரு வேடிக்கை. பழைய 29 இஞ்ச் டிவியை எடுத்துவிட்டு 32 இஞ்ச் வாங்கி, என்னப்பா சின்னதா இருக்கு என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மனப்பிரமை இல்லை. பழையது சதுர வாக்கில் இருந்ததால் அதன் உயரம் 17 இஞ்சுக்குப் பக்கம். புது 32-இன் உயரம் பதினாறுகூட இல்லை. மூன்று இஞ்ச் கூடியும் உயரம் குறைந்துவிட்டது. அதே சமயம் 32-இலிருந்து 43-க்குப் போனால் பரப்பு 80 சதவீதம் கூடுகிறது, 43-இலிருந்து 55-க்கு இன்னும் 64 சதவீதம். நம்பர் கொஞ்சமாகத்தான் ஏறும், சுவரில் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள் என்பதை வைத்து 4கே தேவையா என்று கணக்குப் போடலாம், கஷ்டமான கணக்கு இல்லை. நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பதைப் பிரித்தறிய முடியாது. இதை வைத்துப் பார்த்தால் 43 இஞ்ச் ஃபுல் எச்டி (அதே 1920 பெருக்கல் 1080) திரையின் புள்ளிகள் ஐந்தரை அடிக்கு அப்பால் கண்ணுக்குப் பிடிபடாது. 55 இஞ்ச் என்றால் ஏழு அடி, 65 என்றால் எட்டரை. அதாவது எட்டு ஒன்பது அடியில் சோஃபா போட்டு 43 இஞ்ச் பார்க்கிற வீட்டில் ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் புள்ளிக்கணக்கில் வித்தியாசம் பார்க்கிறேன் என்று சொல்பவர் கழுகாக இருக்க வேண்டும். எல்லாரும் கேலி செய்கிற 32 இஞ்ச் 'எச்டி ரெடி'கூட (ஃபுல் எச்டியைவிடப் புள்ளி குறைந்தது) ஆறு அடிக்கு அப்பால் அவ்வளவு மோசமில்லை, படுக்கையறைக்கு அதுவே போதும், கூடுதலாக ஐயாயிரம் கொடுக்காதீர்கள்.

ஆனாலும் 43-க்கு மேல் வாங்கினால் 4கேதான் வாங்கச் சொல்வேன். புள்ளிக்காக இல்லை. இப்போது அந்த அளவுகளில் கம்பெனிகள் நல்ல பேனல் (படம் தெரிகிற திரைப் பலகை), நல்ல சிப், கூடுதல் ரேம் எல்லாவற்றையும் 4கே மாடலில்தான் வைக்கின்றன. 55-இல் ஃபுல் எச்டி கடையில் தேடினாலும் கிடைப்பது அபூர்வம்.

என் கணக்கு இது. வீட்டில் எஸ்டி கேபிள்தான், மாற்றவும் போவதில்லை என்றால் 43-ஐத் தாண்டாதீர்கள், பெரிதாக்கினால் பெரிதாகத் தெரிவது கலங்கல்தான். எச்டியும் ஓடிடியும் உண்டு, உட்காருவது எட்டு ஒன்பது அடி என்றால் 55. சினிமாக்காரர்களின் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇ சொல்கிற 30 டிகிரிக் கோணத்தை வைத்துப் பார்த்தால் ஒன்பது அடிக்கு 65-கூட வரும், ஆனால் அது விளக்கை அணைத்து சினிமா பார்ப்பவருக்கான கணக்கு. டியூப்லைட் வெளிச்சத்தில் நியூஸ் பார்த்துக்கொண்டே பேப்பர் புரட்டுகிறவருக்கு அது தேவையில்லை.

இனி பேனல். கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள், டிவி விளம்பரத்தில் இருக்காது, ஆனால் படத்தின் குணத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

எல்ஈடி டிவி என்று நாம் சொல்வதெல்லாம் எல்சிடி டிவிதான், பின்னால் வெளிச்சத்துக்கு எல்ஈடி பல்பு வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. க்யூஎல்ஈடி என்பதும் எல்சிடிதான், நடுவில் குவாண்டம் டாட் என்ற ஒரு படலத்தைச் சேர்த்திருப்பார்கள், நிறம் இன்னும் துல்லியமாக இருக்கும். பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம் என்றாலும் ஓஎல்ஈடி வேறு சாதி. அதில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும், கறுப்பு என்றால் அமாவாசைக் கறுப்பு. க்யூவையும் ஓவையும் ஒன்றாகக் குழப்பி விற்கிற கடைகள் உண்டு, கவனம்.

எல்சிடி பேனலில் இரண்டு பெரிய குடும்பம். விஏ என்ற வகையில் கறுப்பு நன்றாக இருக்கும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைவெளி மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். ஆனால் நேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும், பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் வகையில் கறுப்பு சாம்பல் பூத்து இருக்கும், இடைவெளி ஆயிரத்துக்கு ஒன்று அளவில்தான், ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது.

டிவி பற்றி வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் விஏதான் உசத்தி என்பார்கள். அவர்கள் இருட்டறையில் நேர் எதிரே சோஃபா போட்டுப் பார்ப்பவர்கள். நம் ஹாலை நினைத்துப் பாருங்கள். வாசல் கதவு திறந்திருக்கும், வெயில் உள்ளே வரும். அப்பா நாற்காலியில், பிள்ளைகள் தரையில், தாத்தா ஓரத்துக் கட்டிலில் ஒருக்களித்து, அம்மாவோ சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று, விளம்பரம் வந்ததும் உள்ளே போய் விளம்பரம் முடிந்ததும் வந்து, டிவியை 60 டிகிரி கோணத்தில் பார்க்கிறவர். வெளிச்சமான அறையில் கறுப்பின் ஆழம் எப்படியும் தெரியப்போவதில்லை. இந்த வீட்டுக்கு ஐபிஎஸ் நல்லது. இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்க்கிற இளம் தம்பதிக்கு விஏ. இதை எந்த ஸ்பெக் ஷீட்டும் சொல்லாது, ஒரே மாடலில் 43 ஒரு வகையாகவும் 50 வேறு வகையாகவும் இருக்கும். கடையில் டிவிக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு நன்றாகப் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், முகத்தின் நிறம் வெளிறினால் விஏ, அப்படியே இருந்தால் ஐபிஎஸ். இரண்டு நிமிட வேலை.

ஓஎல்ஈடி பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒரு கேள்விதான்: உங்கள் வீட்டில் நியூஸ் சேனல் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? மூலையில் நகராத லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதற்குக் கீழே இன்னொரு பட்டை, இதே படம் வருடக்கணக்கில் தினமும் ஆறு மணி நேரம் நின்றால் அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து, சேனலை மாற்றினாலும் அந்தத் தடம் நிழல் மாதிரி தங்கிவிடும். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய திரையில் பிரேக்கிங் நியூஸ் பட்டை நிரந்தரமாகக் குடியேறுவது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. சினிமாவுக்கு மட்டும் என்றால் ஓஎல்ஈடியை மிஞ்ச ஒன்றுமில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

எச்டிஆர் என்று ஒன்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கும், கூடவே அதிலேயே ஒரு வகையான டால்பி விஷன். வெளிச்சமான இடம் கண் கூசுகிற மாதிரியும் இருட்டான இடம் இருட்டாகவும் ஒரே சட்டகத்தில் காட்டுவதுதான் எச்டிஆர். அதற்குத் திரையின் வெளிச்சம் 600 நிட்ஸாவது வேண்டும், பின்விளக்கைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கிற வசதி வேண்டும். 25, 30 ஆயிரம் ரூபாய் டிவிகளில் 250, 300 நிட்ஸ்தான் இருக்கும், பின்விளக்கும் மொத்தமாகத்தான் எரியும். அந்த டிவி எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டத் தெரியாது. போட்டால் படம் இன்னும் இருட்டாகத் தெரிவதும் உண்டு. பழைய டேப்ரெக்கார்டரில் '1000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று எழுதியிருக்குமே, கிட்டத்தட்ட அந்த ரகம், எழுத்தில் மட்டும் இருக்கிற பலம். உண்மையான எச்டிஆர் வேண்டுமென்றால் மினி எல்ஈடி (பின்விளக்கைச் சின்னச் சின்னதாக நிறைய வைத்த எல்சிடி) அல்லது ஓஎல்ஈடி வரை போக வேண்டும், இல்லையென்றால் அந்த எழுத்தைப் பார்த்துக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள்.

எம்ஈஎம்சி என்று இன்னொன்று. நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த சினிமாவுக்கு இடையிடையே டிவியே சட்டகம் செய்து சொருகி வழவழப்பாக்கும். கிரிக்கெட்டுக்குப் பரவாயில்லை, சினிமாவுக்குப் போட்டால் கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் மத்தியான சீரியல் மாதிரி ஆகிவிடும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸே இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியோடு நின்று வீடியோ போட்டு, தயவுசெய்து வீட்டு டிவியில் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கெஞ்சினார். அதற்கடுத்த வருடம் அறிவிக்கப்பட்டதுதான் டிவி மெனுவில் இருக்கும் 'ஃபிலிம்மேக்கர் மோட்'. இருந்தால் பயன்படுத்துங்கள்.

கடையில் எல்லா டிவியும் அழகாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே ஓடுவது கம்பெனியே கொடுத்த 4கே வீடியோ. ஆரஞ்சுப் பழத்தை வெட்டுவார்கள், பஞ்சவர்ணக்கிளி பறக்கும், கறுப்புப் பின்னணியில் தேன் வழியும். கூடவே 'விவிட்' மோடில் வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் இருக்கும். நம் வீட்டில் யாரும் கிளி பார்ப்பதில்லை. ஒரு பென் டிரைவில் நீங்கள் பார்க்கிற மாதிரி ஒரு சீரியல் துண்டு, இருட்டுக் காட்சி உள்ள சினிமாத் துண்டு, வேகமாக ஓடுகிற மேட்ச் துண்டு போட்டுக்கொண்டு போங்கள். கடையில் கேபிள் இருந்தால் எஸ்டி சேனல் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். மோடை 'ஸ்டாண்டர்டு' அல்லது 'மூவி'க்கு மாற்றச் சொல்லுங்கள். விற்பனைப் பையன் முதலில் முகம் சுளிப்பான், தீபாவளி கூட்டத்தில் கேட்டால் கண்டிப்பாகச் சுளிப்பான், வாரநாள் காலையில் போனால் அவனே ஆர்வமாக வந்து காட்டுவான்.

பிராண்டு பற்றி வீட்டுக்கு வீடு ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு காலத்தில் சாலிடேர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிகளே டிவி செய்து விற்றன, பெட்டிக்கும் பெயருக்கும் சம்பந்தம் இருந்தது. இப்போது அது ரொம்பத் தளர்ந்துவிட்டது. சாம்சங் 2022-இல் எல்சிடி பேனல் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது, அதன் எல்சிடி டிவிகளில் இருப்பது வெளியில் வாங்கிய பேனல். எல்ஜி தன் குவாங்சோ எல்சிடி ஆலையைச் சீனத்து டிசிஎல்லின் பேனல் கம்பெனிக்கு விற்றுவிட்டது. தோஷிபா டிவி இப்போது ஹைசென்ஸின் கையில். இந்தியாவில் கோடக், தாம்சன், பிளாபுங்ட் மூன்று பெயரையும் உரிமம் வாங்கி விற்பது ஒரே நொய்டா கம்பெனி. 2020 ஜூலையில் கலர் டிவி இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அரசு கட்டுப்பாடு போட்டபின், இங்கே விற்பதில் பெரும்பகுதி இங்கேயே பாகம் சேர்த்துப் பூட்டப்படுகிறது. திருப்பதியில் இருக்கிற டிக்சன் ஆலை பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுக்கிறது. ஆகவே பெயரைப் பார்த்துப் படத்தின் தரத்தைச் சொல்ல முடியாது. பெயர் எதற்கு உதவும் என்றால் சர்வீசுக்கு. உங்கள் ஊரில், குறைந்தபட்சம் உங்கள் மாவட்டத் தலைநகரில், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று கடைக்காரரை அல்ல, பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக்கைக் கேளுங்கள்.

மெக்கானிக் என்றதும் என் கதை ஒன்று. என் 43 இஞ்ச் டிவி மூன்றரை வருடத்தில் ஒரு நாள் இரவு, சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை என்று ஆகிவிட்டது. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, பேனல் போச்சு, 18 ஆயிரம் ஆகும், புதுசே வாங்கிடுங்க சார் என்றார். மனசு கேட்கவில்லை. தெரு முனையில் ரேடியோ காலத்திலிருந்து கடை வைத்திருக்கிற ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் அறையை இருட்டாக்கிவிட்டு செல்போன் டார்ச்சைத் திரைமேல் வைத்து அடித்தார். வெளிச்சம் பட்ட இடத்தில் மங்கலாக நியூஸ் வாசிப்பவரின் முகம் தெரிந்தது. "பேனல் நல்லாத்தான் இருக்கு தம்பி, பின்னாடி லைட்டுதான் அவுட்டு" என்றார். எல்ஈடி பட்டைகளை மாற்ற 3,500 ரூபாய். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விவிட் மோடில் பின்விளக்கை 100-இல் வைத்தே ஓட்டியதுதான் காரணம் என்றார் அவர். இப்போது 60-இல் வைத்திருக்கிறேன், கண்ணுக்கும் இதம்.

அதற்காக எல்லாக் கோளாறும் இப்படி மலிவாக முடியும் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் எறிந்த பந்து பட்டுக் கீறல் விழுந்தால் அது பேனல்தான், வாரண்டியில் வராது, மாற்றுகிற செலவுக்குப் புது டிவியே வந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் ஒயர் வழியாகவும் மின்னல் வரும், அதையும் பிடுங்க வேண்டும்.

ஸ்மார்ட் விஷயத்தில் ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூகுள் டிவியோ ஃபயர் டிவியோ சாம்சங், எல்ஜியின் சொந்த ஏற்பாடோ, எதுவானாலும் ரேம் 2 ஜிபி இருக்கட்டும், ஓடிடி ஆப்கள் முறையான அனுமதியோடு எச்டியில் ஓடுகிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். ரொம்ப மலிவான சில டிவிகளில் வெறும் ஆண்ட்ராய்டைப் போட்டுவிட்டு 'ஸ்மார்ட்' என்பார்கள், படம் மங்கலாகவே ஓடும். ஐந்து வருடத்தில் எல்லா டிவியின் மூளையும் மந்தமாகிவிடும், அப்போது ஐயாயிரத்துக்குள் ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகினால் சரியாகிவிடும். மூளையை மாற்றலாம், பேனலை மாற்ற முடியாது, காசை எங்கே போடுவது என்று இதிலேயே தெரியும். சத்தமும் அப்படித்தான். ஒல்லி டிவியின் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கும், வசனம் கேட்காது, பின்னணி இசை மட்டும் காதை அடைக்கும். ஏஆர்சி (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்புகிற வழி) என்று எழுதிய எச்டிஎம்ஐ துளை ஒன்று இருந்தால் சவுண்ட்பார் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

விலை விஷயத்தில் ஒரு நல்ல சேதி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 30 ஆயிரம் என்றால் முன்பு 38,400, இப்போது 35,400. அந்த மூவாயிரத்தை டிவியில் இன்னும் ஐந்து இஞ்ச் கூட்டப் பயன்படுத்துவதற்குப் பதில் எச்டி பாக்ஸுக்கும் எச்டிஎம்ஐ ஒயருக்கும் ஒதுக்கச் சொல்வேன். கரண்ட் பில்லுக்கும் ஒரு கணக்கு: 55 இஞ்ச் டிவி 120 வாட் என்று வைத்துக்கொண்டால் தினம் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட். இலவச நூறு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிவிக்கே போய்விடும்.

மாட்டுகிற உயரம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கல்யாண வீட்டு போட்டோ மாதிரி விட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராகத் திரையின் நடு இருக்க வேண்டும், சோஃபா என்றால் தரையிலிருந்து மூன்றரை அடி. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற வீடு என்றால் இன்னும் கீழே.

சித்தப்பா வீட்டில் அன்றைக்கே கேபிள்காரரை வரவழைத்து எச்டி பாக்ஸ் மாற்றினோம். எச்டிஎம்ஐ ஒயர் போட்டு, 16:9 வைத்து, அவருக்குப் பிடித்த சேனல்களின் எச்டி நம்பரை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டினேன். சேனலைத் திருப்பியதும் சித்தி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "அடேயப்பா, அவ பட்டுப்புடவையில ஜரிகை தெரியுதுங்க" என்றார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை, மீசையைத் தடவிக்கொண்டார்.

சித்திரையில் திரும்பப் போனேன். பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, கதாநாயகி மறுபடியும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். ரிமோட்டை எடுக்கப் போனேன், சித்தப்பா கையைப் பிடித்துவிட்டார். "இருக்கட்டும் விடு தம்பி. பழைய படம் வந்தா ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டுடுது. 55 இஞ்சுக்குக் காசு கொடுத்துட்டு 45 இஞ்ச் படம் பாக்கச் சொல்றியா?"